ராயகிரி ரோட்டில் நான்

— அதனாலத்தான் சொல்லுதேன் துரை, வெள்ளையடிச்சிரு. சுண்ணாம்பு வாளி கொண்டாந்திருக்கேன், நாலு இஞ்சு பிரஷு கொண்டாந்திருக்கேன். நீ வரஞ்ச மூஞ்சிய நீதான அழிக்கணும். அதான ஒங்க சுவரெழுத்துக்காரங்க வழக்கம்?

— வழக்கம் அதுதான்.

— பெறவென்ன? அடி.

— முடியாது பாண்டி.

— கேட்டியா, நான் கதவத் தாப்பா போட்டுட்டுத்தான் பேசுதேன். நீ கெவனிச்சியோ என்னமோ.

— கெவனிச்சேன். தாப்பா போடும்போதே ஒங்கை நடுங்குச்சு.

— எனக்கு சுகர் முந்நூறு. நடுங்கத்தான் செய்யும்.

— கக்கத்துல பேப்பர் சுத்தி வச்சிருக்கியே, அது என்ன? இன்சுலின் ஊசியா?

— நக்கலு. பெரிய ஓவியன்லா. இந்தா, பேப்பரப் பிரிச்சே வச்சிருதேன். நல்லாப் பாத்துக்கோ. நேத்துதான் சாணை புடிச்சது.

— அருவாளா. எதுக்கு பாண்டி இதெல்லாம்? கை நடுங்குத ஆளு. கால்ல கீல போட்டுக்கிடப் போற.

— சிரிக்காதலே. சீசன் இல்லாத குத்தாலம் இது. அருவியில சொட்டுத் தண்ணி கெடையாது. இந்த லாட்ஜுல ஒன்னத் தவிர ஒரு ரூம்லயும் ஆளு இல்ல. வாட்ச்மேனயும் செங்கோட்டைக்கு பரோட்டா வாங்க அனுப்பிட்டேன். நீ தொண்ட கிழியக் கத்துனாலும் கொரங்குதான் வந்து எட்டிப் பாக்கும்.

— மத்தியானம் மாத்திர போட்டியா?

— பேச்ச மாத்தாத. இந்த அழைப்பிதழப் பாரு. ஒரு வாரமா தென்காசி பூராம் சுத்துது இது. முன் அட்டையில ஒம் மூஞ்சிய மட்டும் போட்டிருக்கு. கீழ என்ன போட்டிருக்கு? நீயே வாசி.

— "ராயகிரி ரோட்டில் நான், 2006. ஓவியர் இசக்கிதுரையின் தன்னுருவப் படம்."

— தன்னுருவப் படம். அடேயப்பா. முழுப் படம் எட்டடிக்கு ஆறடி, இந்த ரூம் சுவத்துல பாதிய அடைச்சிக்கிட்டு நிக்கே நீ. கையில அருவா. சட்டையில ரத்தம். பின்னால நம்ம தலைவர் மூஞ்சி பாதி சுண்ணாம்புக்குள்ள போயி, ஒத்தக் கண்ணு மட்டும் முழிச்சிக்கிட்டு நிக்கு. வாசுதேவநல்லூர்ல, ராயகிரியில, மொளச்சு மூணு எல விடாத பய கூடச் சொல்லிருவான், இது அடுத்த கட்சிக்குச் சுவரெழுத வந்த ஸ்டான்லிக்குக் கை போன சம்பவம்னு.

— சொல்லட்டும்னுதான் வரஞ்சேன், பாத்துக்கோ.

— எலெக்சன் நேரத்துலயா சொல்லணும்?

— எலெக்சன் இல்லாத நேரம்னு ஒண்ணு இருக்கா நமக்கு?

— ஏலே, பொறுமையாக் கேளு. நாளன்னிக்கு மெட்ராசுல எனக்கு நேர்காணல். இருபது வருசம் நாயா அலஞ்சு இப்பந்தான் சீட்டு கைக்கு எட்டுத தூரத்துல நிக்கு. நீ நாளைக்குக் காலையில தென்காசி மண்டபத்துல இந்தப் படத்த மாட்டுத. மத்தியானத்துக்குள்ள எல்லாவன் போன்லயும் இது ஓடும். சாயங்காலம் மெட்ராசு போயிரும். என் பொழப்புல மண்ணு விழுந்துரும். இதுக்கு மேல நான் எப்படிலே சொல்லணும்?

— புரியுது.

— என்ன புரியுது? முடிஞ்சுபோன கேசு அது. சாட்சி இல்லன்னு ஜட்ஜே விடுதல பண்ணிட்டாரு. பாளையங்கோட்ட ஜெயில்ல தொண்ணூத்தியோரு நாளு நான் கெடந்தேன், நீ கெடக்கல. கைவெட்டி பாண்டின்னு சொன்னா ஆலங்குளம் வரைக்கும் தெரியும். அப்பம் எங்க போச்சு ஒன் தன்னுருவம்?

— அப்பம் பயந்துட்டேன்.

— இப்பம் பயம் போயிட்டோ?

— போவல. ஆனா இந்தப் படத்துக்கு முன்னால நிக்கும்போது மட்டும் இல்ல.

— இந்தா, இந்த அறைக்கு இருக்கா?

— இல்ல.

— இதுக்கு?

— பல்லு ஆடுது பாண்டி.

— ஆடட்டும். வாளிய எடு. பிரஷ்ஷ முக்கு. நேரா மூஞ்சியில ஆரம்பி. மத்தது எப்பிடியும் இருந்துட்டுப் போவட்டும், மரம் மட்டை ஆகாசம். ஒம் மூஞ்சியும் அந்த அருவாளும் போவணும்.

— மாட்டேன்னு சொல்லிட்டேன்.

— வாளியாலயே மண்டையப் பொளந்துருவேன், கேட்டியா.

— பொள. நாலு மணிக்கு ஸ்டான்லி வருதான். அவன் வரதுக்குள்ள என்ன செய்யணுமோ செஞ்சுக்கோ.

— யாரு வருதா?

— ஸ்டான்லி. நாந்தான் வரச் சொன்னேன். அவன் பாத்துட்டு சரின்னு சொன்னாத்தான் இந்தப் படம் வெளிய போவும். வேண்டாம்னு அவன் சொல்லிட்டா நானே வெள்ளையடிச்சிருவேன். நீ சொன்னா அடிக்க மாட்டேன்.

— கோட்டி புடிச்சிட்டால ஒனக்கு? கை போனவன நேர்ல கூட்டிட்டு வந்து, இந்தாப்பா நாந்தான் வெட்டுனேன்னு காட்டப் போறியா?

— அவனுக்குத் தெரியாமலா? என் எதுக்கவே நின்னவன்லா அவன். அன்னைக்கு வெட்டுனது நீ இல்ல பாண்டி. நான்.

— மெதுவாப் பேசு.

— யாரு கேக்கா? கொரங்கா?

— மெதுவாப் பேசுன்னா பேசணும். இருபது வருசமா நாம ரெண்டு பேரும் தனியா இருக்கும்போது கூட இதச் சொன்னது இல்ல.

— அதத்தான் சொல்லுதேன். சொல்லாமச் சொல்லாம நீ வெட்டுனதா நீயே நம்ப ஆரம்பிச்சிட்டே. போன மாசம் பாவூர்சத்திரம் கூட்டத்துல மாவட்டச் செயலாளரு ஒன்ன எப்படி அறிமுகப்படுத்துனாரு? கட்சிக்காக ஒரு கைய எடுத்த சிங்கம்னாரு. நீ எந்திரிச்சுக் கும்பிட்டே. நான் கடைசி வரிசையில உக்காந்திருந்தேன்.

— பொறாமையோ?

— பொறாமை இல்ல. கைதட்டாம எந்திரிச்சு வந்துட்டேன். அருவாளக் கொண்டு வந்தது நீதான். ஆனா சுவத்துப் பக்கம் போனதும் நீ நின்னுட்டே. நான்லா பிடுங்குனேன் ஒங்கையில இருந்து. வெட்டும்போது நீ கருவ மரத்தப் பாத்துத் திரும்பி வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தே.

— வெயிலு. உச்சி வெயில்ல காலையிலயும் சாப்பிடாம...

— சரி, வெயிலு.

— ஏலே, யாருலே ஒன்னக் காப்பாத்துனது? ஒம் பொஞ்சாதி உமா மகேஸ்வரி அப்பம் நெறமாசம். நீ எங்காலப் புடிச்சு அழுதே. மாப்ளே, எம் புள்ள மூஞ்சியப் பாக்காமச் செத்துருவேன்னு. நான் ஒரு வார்த்த கேட்டனா? அருவாளத் தூக்கிட்டு நேரா ஸ்டேசனுக்குப் போனேன். சினேகிதத்துக்குச் செஞ்சேன்லே.

— மொத நாள் சினேகிதம்தான். அத நான் மறுக்கல. ரெண்டாம் நாளு கட்சிக்காரங்க மாலையோட ஜெயில் வாசல்ல வந்து நின்னாங்கல்லா, அதுக்குப் பெறவு அது சினேகிதம் இல்ல.

— பெறவு என்னவாம்?

— ஒனக்கு ஒரு பேரு கெடச்சிச்சு. எனக்குப் பேரு இல்லாமப் போச்சு. நான் வரையுத ஒவ்வொரு படத்துலயும் மூலையில கையெழுத்துப் போடும்போது கை நிக்கும், பாத்துக்கோ. இது யாரு கையெழுத்துன்னு.

— அதுக்கு எங்கிட்ட என்ன வேணும்?

— எந் தப்ப எனக்குத் திருப்பிக் குடுத்துரு.

— குடுக்க மாட்டேன்.

— பாண்டி...

— குடுக்க மாட்டேன்லே. நீ வெட்டுனது ஒரு நிமிசம். அத வளத்தது நானு. மவ ஜெயபிரியாவுக்கு மாப்பிள பாத்தப்பம், கைவெட்டி மவளான்னு கேட்டுட்டு மூணு குடும்பம் கைய நனைக்காம எந்திரிச்சுப் போச்சு. எங்கம்மா சாவுத வரைக்கும் எங்கையால ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்கல. எல்லாத்தையும் முழுங்குனேன். எதுக்கு? பஸ் ஸ்டாண்டு டீக்கடையில நான் போயி நின்னா பெஞ்சு காலியாவுது. ஸ்டேசன்ல உக்காருங்க அண்ணாச்சிங்கான். கூட்டணிக்காரன் எந்திரிச்சு நிக்கான். நீ படத்த மாட்டுன அன்னைக்கு நான் யாருலே? கோயில் கொடையில கெடா வெட்டும்போது திரும்பிக்கிடுத சுந்தரபாண்டி. எவன் சீட்டுக் குடுப்பான் எனக்கு?

— அப்பம் ஒனக்குப் பயம் போலீசு இல்ல. வெட்டலைன்னு தெரிஞ்சிரும்னு பயம்.

— ஆமா. அதான். சொல்லிட்டேன், போதுமா?

— பாவமா இருக்கு பாண்டி ஒன்னப் பாத்தா.

— என்னப் பாத்து நீ பாவப்படாதலே. மூதி. ஒன்னய மாதிரி ஒரு வெறியன நான் பாத்ததில்ல. தலைவர் மூஞ்சியில சுண்ணாம்பு விழுந்துட்டுன்னு ஒரு மனுசன் கைய எடுத்தவன் நீ. இப்பம் வந்து மேனி நோவாம ஓவியர் இசக்கிதுரை, டிராயிங் மாஸ்டர், ஜிப்பா, தாடி.

— வெறியன்தான். பதினாலு வருசம் தலைவர் மூஞ்சிய வரஞ்சேன். ஒரு பைசா வாங்கல. ஸ்டான்லி எவன் கூலி குடுத்தாலும் எழுதுவான், எந்தச் சின்னமும் போடுவான். நான் கட்சிக்கு மட்டும். எங்கப்பன் மூஞ்சி எனக்கு மறந்து போச்சு. தலைவரு காது மடல் கண்ண மூடுனா வரும். நான் வேற, கட்சி வேறன்னு எனக்கு அப்பம் தெரியாது. அவரு கண்ணுல சுண்ணாம்பு விழுந்தா எங் கண்ணு எரிஞ்சுது. சத்தியமா எரிஞ்சுது.

— இப்பம் எரியலையோ?

— அந்தச் சுவத்த நீ இப்பம் பாத்தியா? போன மாசம் ராயகிரி போயிருந்தேன். நம்ம சின்னமும் அவங்க சின்னமும் பக்கத்துல பக்கத்துல எழுதியிருக்கு. கூட்டணி. ரெண்டு தலைவரும் தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்காங்க. நாலு கை. எண்ணிப் பாத்துட்டு வந்தேன். அன்னைக்குத்தான் இந்தப் படத்துல கண்ண வரஞ்சு முடிச்சேன்.

— அவன்வ கூட்டணி வச்சதும் ஒனக்கு மனசாட்சி வந்துட்டு. அப்படித்தான?

— ...இருக்கலாம். அத எங்கிட்டயே நான் கேட்டுருக்கேன்.

— பாரு அந்த மூஞ்சிய. அழுது வடியுது. கோயில்ல சாமி கும்பிட வந்தவன் மாதிரி நிக்கே. கையில மட்டும் அருவா.

— கண்ணுக்கு மட்டும் நாலு மாசம் ஆச்சு. கை கீழ விழுந்ததும் எனக்கு ஒலகமே இருண்டு போச்சு பாண்டி. அய்யோ, என்ன செஞ்சிட்டோம்னு அழுதேன். அந்த மூஞ்சி அது. நீ பாக்கல. நான் யோசிச்சு யோசிச்சு, ஒவ்வொரு சுருக்கமா எடுத்துக் கொண்டாந்தேன். என் வாழ்க்கையில நான் வரஞ்ச ஒரே உண்ம அது, பாத்துக்கோ.

— மணி என்ன?

— மூணே முக்கால்.

— சரி. நான் ஒண்ணு யோசிச்சேன். இந்தப் படத்துல நானே வெள்ளையடிச்சிரலாம். ரெண்டு நிமிசச் சோலி. ஆனா அடுத்த மாசம் நீ திரும்ப வரைவே. அப்பம் பிரச்சன படம் இல்ல. ஒங்கை.

— ம்.

— எந்திரி. பாத்ரூம் கதவுகிட்ட வா.

— எதுக்கு?

— வாலேன்னா.

— தலையப் புடிச்சு இழுக்காத, நானே வருதேன்.

— வலது கைய நிலையில வை. கதவு இடுக்குல. நாலு வெரலும் உள்ள போவணும். கட்ட வெரல வெளிய எடுத்துக்கோ, சோறு பெசைய வேணும்லா.

— இந்தா.

— ஏன்லே நீயா வைக்க?

— நீதான வைக்கச் சொன்னே.

— கெஞ்சுலே. வேண்டாம் பாண்டின்னு சொல்லு. இந்த ஜில்லாவுல என்னப் பாத்துப் பயப்படாதவன் நீ ஒருத்தந்தான். ஒரு தடவ பயப்படு, நான் விட்டுருதேன். சத்தியமா விட்டுருதேன்.

— பயப்பட வரல பாண்டி. ஒன்ன எனக்குத் தெரியும்லா.

— தெரியுமா? தெரியுமாலே?

— ஆ... அம்மா... அம்ம்மா...

— தெரியுமான்னு கேட்டேன்.

— எடு... கதவ எடு...

— இன்னொரு தடவ.

— பாண்டி... பாண்டி...

— இப்பம் தெரியுதா நான் யாருன்னு? சொல்லு. சத்தம் கேட்டியா? முருங்கக்காய ஒடிச்ச மாதிரி கேட்டுச்சு. அய்யோ. அய்யய்யோ. நகம் தரையில கெடக்கு துரை. நகம்.

— தண்ணி... குடு.

— இரு. எனக்கு ஒரு மாதிரி வருது. கண்ண இருட்டுது.

— வாளியில வாந்தி எடுத்துராத. சுண்ணாம்பு வேணும்.

— பேசாதலே. ஒன் வாய மூடு... ஓவ்... ச்சே. மத்தியானம் தின்னதெல்லாம் போச்சு.

— வாயக் கழுவு.

— கழுவிட்டேன். கேட்டியா, இது பத்தாது. வெரல் கூடிரும். புத்தூர்க் கட்டு போட்டு ஆறு மாசத்துல பிரஷ்ஷப் புடிச்சிருவே. அந்த மேசைக்கு வா. மணிக்கட்டு வரைக்கும் மேசையில வை. இன்னைக்கு நான் அந்தப் பேர உண்மையாக்கிட்டே போறேன்.

— வச்சாச்சு.

— அசையாத.

— நீதான் அசையுத. அருவா ஆடுது. ஓங்குத விதம் தப்பு பாண்டி. முழங்கையில இருந்து ஓங்குனா தோல்தான் கிழியும். தோள்ல இருந்து வரணும். எனக்குத் தெரியும்லா.

— நீ எனக்குச் சொல்லித் தராதலே.

— சரி. கண்ணத் தொறந்துக்கிட்டாவது வெட்டு.

— தொறந்துதான் வச்சிருக்கேன்.

— மூடியிருக்கே.

— அண்ணாச்சி. துரை அண்ணாச்சி. நாந்தான் ஸ்டான்லி வந்திருக்கேன். கதவு உள்ள தாப்பா போட்டிருக்கு.

— துரை, வாயத் தொறந்தே, கழுத்துல எறக்கிருவேன்.

— ஸ்டான்லி, இரு, வாரேன்.

— ஏலே தொறக்காதலே. துரை. நில்லுலே. நில்லுங்கேன்.

— வெட்டுதா இருந்தா இந்நேரம் வெட்டியிருப்பே. தள்ளு. இடது கையால தாப்பா எடுக்க வரல... வந்துட்டு. உள்ள வா ஸ்டான்லி.

— வணக்கம் அண்ணாச்சி. ஓ, பாண்டி அண்ணாச்சியும் இருக்கியளா. வணக்கம் அண்ணாச்சி. எனக்கு ஒத்தக் கை வணக்கந்தான், கோவிச்சிக்கிடாதிய.

— வா ஸ்டான்லி. நாங்க சும்மா, பழைய கத பேசிக்கிட்டு...

— முதுகுக்குப் பின்னால மறைக்க வேண்டாம் பாண்டி அண்ணாச்சி. நான் பழகுன சாமான்தான. மேசையிலயே வையுங்க. துரை அண்ணாச்சி, கைய இப்படித் தொங்கப் போடக் கூடாது. நெஞ்சுக்கு மேல தூக்கிப் புடிங்க, துடிக்கது கொறையும். அந்தத் துண்ட நனச்சுத் தாங்க, சுத்தி விடுதேன். ஒரு முனைய ஒங்க பல்லுல கடிச்சிக்கிடுங்க. ஆங், அப்படித்தான்.

— ஸ்டான்லி, நீ எதுக்கு எனக்கு...

— ரத்தம் சொட்டுதுல்லா. பெறவு பேசலாம்.

— கேளு ஸ்டான்லி. நான் என்ன சொல்லுதேன்னா, நீ பொதுவா ஒரு வார்த்த சொல்லு. கோர்ட்டுல நீ யாரு பேரச் சொன்னே?

— யாரு பேரும் சொல்லல பாண்டி அண்ணாச்சி. வெயில்ல கண்ணு கூசுச்சு, ஆளத் தெரியலன்னேன். எனக்குக் கூலி குடுத்த கட்சிக்காரங்க அப்படிச் சொல்லச் சொன்னாங்க. ரெண்டு பக்கமும் பேசி முடிச்சிட்டாங்களாம். என்னயத் தவிர எல்லாரும் பேசியிருக்காங்க.

— பாத்தியா. முடிஞ்ச சோலி. இப்பம் இவன் இந்தப் படத்த நாளைக்கு ஊருக்கே காட்டப் போறான். ஒனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். வேண்டாம்னு சொல்லிரு. நீ சொன்னா வெள்ளையடிச்சிருவானாம்.

— ஆமா ஸ்டான்லி. நீ சொல்லுததுதான். சரின்னா நாளைக்கு மாட்டுதேன். வேண்டாம்னா இந்தா வாளி. இவன் சொல்லுக்கு இல்ல, ஒன் சொல்லுக்கு.

— மொதல்ல பாத்துக்கிடுதேனே.

— பாரு. நல்லாப் பாரு.

— சன்னலத் தொறங்க பாண்டி அண்ணாச்சி, வெளிச்சம் பத்தல... ம். தலைவர் கண்ணு அச்சு அசலா வந்திருக்கு. அன்னைக்கு அந்த ஒத்தக் கண்ணு மேல வெள்ளையடிக்க எனக்கு மனசு வரல. கடைசியா அடிப்போம்னு வச்சிருந்தேன். ஒங்கள மாதிரி கண்ணு வரைய இந்தப் பக்கத்துல ஆளு கெடையாது அண்ணாச்சி. நான் இப்பம் இடது கையால டெம்போவுக்கு நம்பர் எழுதுதேன். எட்டு போட்டா மூணு மாதிரி வரும்.

— அதான் ஸ்டான்லி, அன்னைக்கு எனக்கு ஆத்திரமே அது. வேற எவனாவது அடிச்சிருந்தா போறான்னு விட்டிருப்பேன். நீ சுவரெழுத்துக்காரன். ஒருத்தன் வரஞ்ச மூஞ்சிய இன்னொருத்தன் அழிக்கக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம வழக்கத்தத் தாண்டிட்டியேன்னுதான்...

— நான் தாண்டலையே.

— என்ன?

— சொல்லி அனுப்பிச்சேனே அண்ணாச்சி. சுவத்துக்கு ஒங்க கட்சி முன்பதிவு முடிஞ்சிட்டு, துரை அண்ணாச்சி வந்து அவிய வரஞ்ச மூஞ்சிய அவியளே அழிச்சுத் தரட்டும்னு. ரெண்டு நாளு சுண்ணாம்பக் கரைச்சு வச்சிட்டுக் காத்துக்கிட்டுக் கெடந்தேன். மூணாம் நாளு கட்சிக்காரன் ஏசுனான். பெறவுதான் பிரஷ்ஷ எடுத்தேன்.

— யாருகிட்ட சொல்லி அனுப்பிச்சே?

— பாண்டி அண்ணாச்சிகிட்டத்தான். பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல, தக்காளி லாரிப் பக்கத்துல வச்சு. சரி, சொல்லிருதேன்னாவ.

— பாண்டி.

— வெயிலு உள்ள வருது, சன்னலச் சாத்திட்டு வாரேன்.

— பாண்டி, என்னப் பாரு. சொன்னானா?

— சொன்னான்.

— மறந்துட்டியா?

— மறந்துட்டேன்னு சொன்னா நம்புவியா?

— மாட்டேன்.

— மறக்கல. ஒரு தகராறு வேணும்னு இருந்துச்சு. அப்பம் நான் வெறும் கிளைச் செயலாளர். எவனும் மதிக்கல. சுவத்துக்கு ஒரு சண்ட வந்து, ரெண்டு மண்ட ஒடஞ்சா பேரு வெளிய தெரியும்னு நெனச்சேன். அதுக்குத்தான் அருவாளும் எடுத்தேன், சும்மா காட்டதுக்கு. கை போவும்னு நெனைக்கல. கேட்டியா ஸ்டான்லி, சத்தியமா நெனைக்கல.

— ம்.

— அப்பம் பாருலே துரை, பாதி வெட்டு என்னுதுதான். நான் இருபது வருசம் பொய் சொல்லல.

— இதச் சொல்லவா ஒனக்குச் சந்தோசம்?

— சந்தோசம்லாம் இல்ல. இருந்தாலும் சொல்லுதேன்.

— ஸ்டான்லி, எனக்குத் தெரியாது. இந்தா, இந்த ஒடஞ்ச வெரல் மேல சத்தியம். நீ சொல்லி அனுப்பிச்சது தெரிஞ்சிருந்தா நானே வந்து அழிச்சுத் தந்திருப்பேன். ஒம் மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. கட்சி, தலைவரு, வழக்கம், எல்லாம் சேந்து அன்னைக்கு என்ன நான் இல்லாம ஆக்கிட்டு. வெட்டி முடிச்ச அடுத்த நொடிதான் எனக்கு நான் திரும்பி வந்தேன். அந்த நொடியத்தான் வரஞ்சிருக்கேன். பாரு அந்த மூஞ்சிய. இருபது வருசமா அந்த மூஞ்சியோடத்தான் படுக்கேன், அதோடத்தான் எந்திரிக்கேன். ஒன்ன வரைய எனக்கு யோக்கியத இல்லன்னு ஒன்ன வரையல. என்ன மட்டும் வரஞ்சேன். பொய் இல்லாம.

— பாக்கேன் அண்ணாச்சி. அதத்தான் வந்ததுல இருந்து பாக்கேன்.

— சொல்லு. மாட்டவா? அழிக்கவா?

— ஸ்டான்லி, அழிக்கச் சொல்லிரு. ஒனக்கு என்ன வேணுமோ நான் செய்யுதேன்.

— நீங்க செத்த சும்மா இருங்க பாண்டி அண்ணாச்சி. துரை அண்ணாச்சி, படம் பெரிய படம். சட்ட அதே சட்டதான், தோள்ல தையல் விட்டுருந்தது கூட இருக்கு. வாளி சரி. அருவாள நீங்க புடிச்சிருந்த விதமும் சரி. இது பூராத்தையும் அழிக்க வேண்டாம். நாளைக்கு மாட்டவும் வேண்டாம்.

— பெறவு?

— மூஞ்சிய மட்டும் வெள்ளையடிச்சிட்டு மறுபடி வரைங்க.

— எப்படி வரைவேன்? கையப் பாத்தேல்லா. இனிமே இந்தக் கை பிரஷ்ஷப் புடிக்குமான்னே தெரியல.

— இடது கை இருக்குல்லா. மொத வருசம் கோடு நிக்காது, அழுவாச்சி வரும். ரெண்டாம் வருசம் வட்டம் வரும். மூணாம் வருசம் மூஞ்சி வரும். நான் பழகியிருக்கேன், வந்து சொல்லித் தாரேன்.

— மூஞ்சியில என்ன தப்பு ஸ்டான்லி? நாலு மாசம் வரஞ்சது அது.

— நான் கீழ கெடந்தேன் அண்ணாச்சி. என் கை எங்கன விழுந்துச்சுன்னு கூட நான் பாக்கல, ஒங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன். நீங்க அழல. சிரிச்சிய.